இயல்பா? இனமா? - நாலடியார் காட்டும் விடை

மனிதனின் குணம் பிறப்போடு வருவதா, பழக்கத்தால் அமைவதா என்னும் வினா மிகப் பழையது. தத்துவ நூலாரும் உளநூலாரும் இதனை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். ஆயினும், இவ்வினா நாள்தோறும் எழுந்து நாள்தோறும் விடை வேண்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வகுப்பைப் பொறுப்பேற்கும் ஆசிரியர், தம்முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, 'இவர்கள் திருந்துவார்கள்' என்று கருதுகின்றாரா, 'இவர்கள் இயல்பே இவ்வளவுதான்' என்று கருதுகின்றாரா என்பதைப் பொறுத்தே அவ்வாண்டின் கல்வி பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது.

இரண்டாவது கருத்தைக் கொள்வோர் அதற்குத் துணையாக நாலடியாரைச் சான்றுக்கு அழைப்பதுண்டு. எட்டி விதையை எங்கே நட்டாலும் தென்னை முளைக்காது. கோழிக்கு எவ்வளவு தீனி போட்டாலும் அது குப்பையைக் கிளறாமல் இராது என்னும் இரு கருத்துகளும் அந்நூலில் உள்ளன என்பது மெய்யே. ஆனால், நாலடியார் முழுவதும் அக்கட்சியில் நிற்கின்றதா? அவ்விரு பாட்டுகளும் உண்மையில் அவ்வாறே கூறுகின்றனவா? இவ்விரண்டையும் ஆராய்ந்து பார்த்தல் தமிழாசிரியர்களுக்குப் பயன் தருவதாகும்.

நூலின் அமைப்பு

நாலடியார் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று. 400 வெண்பாக்கள் கொண்டது. பதுமனார் என்பார் அவற்றைப் பத்துப் பத்தாகப் பிரித்து 40 அதிகாரங்களாக வகுத்து உரையும் கண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. டாக்டர் ஜி. யு. போப் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1893-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சமண முனிவர் எண்ணாயிரவர் ஆளுக்கொரு பாட்டு எழுதி வைத்துச் சென்றனர் என்றும், அவ்வேடுகளை ஆற்றில் இட்டபோது எதிரேறி வந்தவையே இந்நூலாயின என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அது குறிப்பாக உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. நாலடியார் ஒருவர் பாடிய நூல் அன்று. பலர் பாடிய பாட்டுகளின் தொகை.

இவ்வேறுபாடு சிறிதன்று. திருக்குறளைப் படிக்கும்போது ஒருவருடைய உள்ளம் ஒரு முடிவை நோக்கி நடப்பதைக் காண்கின்றோம். நாலடியாரைப் படிக்கும்போதோ, சான்றோர் பலர் கூடிய ஓர் அவையில் அமர்ந்து கேட்பது போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. ஒருவர் ஒன்றைக் கூற, மற்றொருவர் எழுந்து அதற்கு வேறானதைக் கூறுகின்றார். ஆதலின், அவையில் ஒருவர் கூறியதை மட்டும் கேட்டு வெளியேறியவன், 'அவை இவ்வாறு தீர்மானித்தது' என்று ஊரில் சொல்லுதல் எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு ஒரே பாட்டைக் கொண்டு நாலடியாரின் கொள்கை இதுவென்று முடிவு கட்டுதல்.

இனத்தின் வலிமை கூறும் பாட்டுகள்

முதலில் 18-ஆம் அதிகாரமாகிய 'நல்லினம் சேர்தல்' என்பதை நோக்குவோம். அதன் முதற்பாட்டு இளமையைப் பற்றியது. அறியாத வயதில் அடக்கமில்லாதாருடன் கூடித் தீய நெறியிற் சென்றவர்களின் குற்றமும், நெறியறிந்த நல்லாரைச் சார்ந்தவுடன் நீங்கிவிடும் என்கின்றது. அதற்குக் காட்டும் உவமை புல்லின்மேற் படிந்த பனி. வெயில் ஏற ஏறப் பனி தானே விலகுகின்றது.

இவ்வுவமையின் நுட்பம் ஊன்றி நோக்கத்தக்கது. பனி புல்லின்மேல் இருக்கின்றது, புல்லிலிருந்து பிறந்ததன்று. இரவில் வெளியிலிருந்து வந்து படிந்தது. அதுபோல இளையோரின் குற்றம் அவர்தம் உள்ளியல்பு அன்று, வந்து ஒட்டியது என்பது புலவர் கருத்து. மேலும், வெயில் பனியோடு போரிடுவதில்லை. புல்லைப் பிடுங்கிப் பனியை உதறுவதும் இல்லை. அது தன் இயல்பில் எழுகின்றது; பனி நீங்குகின்றது. தண்டனையாலன்றிச் சார்பினால் குற்றம் நீங்கும் என்பதை இதனினும் அழகாகச் சொல்லுதல் அரிது.

அவ்வதிகாரத்தின் வேறு இரு பாட்டுகளும் இக்கருத்தை வலியுறுத்துகின்றன. பாலிற் கலந்த நீர் தன் நிறம் இழந்து பாலாகவே தோன்றுகின்றது. ஊர்ச் சாக்கடையின் நீரும் பேராற்றில் கலந்துவிட்டால் பழைய பெயர் மறைந்து தீர்த்தம் என்று போற்றப்படுகின்றது. குடிப்பெருமை இல்லாதவரும் நல்லாரைச் சார்ந்தால் மலைபோல் உயர்ந்து நிற்பர் என்று அப்பாட்டு வெளிப்படையாகவே கூறுகின்றது.

இயல்பின் வலிமை கூறும் பாட்டுகள்

இனி மறுபக்கத்தை நோக்குவோம். 25-ஆம் அதிகாரமாகிய 'அறிவுடைமை'யில் எட்டி விதைப் பாட்டு உள்ளது. அதனை அடுத்து வரும் பாட்டு, வேப்பிலைக்குள் வைத்துப் பழுக்க வைத்தாலும் வாழைப்பழம் கசந்துவிடாது, அதுபோல நல்லியல்பு உடையவர் தீயாரிடையே இருந்தாலும் மனம் திரிதல் அரிது என்கின்றது. அதற்கும் அடுத்த பாட்டு, கடலோரத்தில் நன்னீர் ஊறுவதையும் மலையோரத்தில் உப்புநீர் ஊறுவதையும் எடுத்துக்காட்டி, மக்களை அவர் சேர்ந்த இனத்தைக் கொண்டு அளத்தல் கூடாது, அவர் மனத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்று முடிக்கின்றது.

35-ஆம் அதிகாரமாகிய 'கீழ்மை' இன்னும் கடுமையானது. கோழியின் உவமை அங்கேதான் வருகின்றது. பொற்கலத்தில் உணவிட்டு வளர்த்தாலும் நாய் பிறர் எச்சில் இலையையே கண்கொட்டாமல் நோக்கியிருக்கும் என்னும் உவமையும் அவ்வதிகாரத்ததே.

நல்லினம் சேர்ந்தால் குற்றம் நீங்கும் என்று ஓரிடம். இனம் மனிதனை மாற்றாது என்று ஓரிடம். ஒரே நூலில் இவ்விரண்டும் இருத்தல் முரண் அன்றோ என்று மாணவன் ஒருவன் வினவினால், ஆசிரியர் யாது விடை கூறுவது?

'பலர் பாடியது, ஆதலால் முரண் இருக்கத்தான் செய்யும்' என்பது எளிய விடை. அது பொய்யன்று, ஆனால் போதாது. பாட்டுகளைத் தொகுத்து வகுத்தவர் இம்முரணைக் காணாதவராய் இருந்திருக்க இயலாது. கண்டும் இரண்டையும் வைத்திருக்கின்றார் எனின், இரண்டுக்கும் இடம் உண்டு என்று கருதினார் என்பதே பொருத்தம்.

வள்ளுவரோடு ஒரு மாறுபாடு

இவ்விடத்தில் திருக்குறளை ஒப்பிடுதல் தெளிவு தரும். 46-ஆம் அதிகாரமாகிய 'சிற்றினஞ்சேராமை'யில் வள்ளுவர் இவ்வினாவுக்கு ஐயமின்றி விடை கூறுகின்றார். தான் பாயும் மண்ணுக்கு ஏற்ப நீர் வேறுபடுதல்போல, சேரும் கூட்டத்திற்கு ஏற்ப மனிதனின் அறிவு வேறுபடும் என்பது அவர் கருத்து. அறிவு ஒருவனுடைய மனத்திலிருந்து எழுவதுபோல் தோன்றினாலும், அதன் வேர் அவன் சேர்ந்த இனத்திலேயே உள்ளது என்றும் அவர் காட்டுகின்றார். நாலடியாரின் கடலோரக் கிணற்றுப் பாட்டோ, மக்கள் இனத்தைப் போன்றவர் அல்லர், மனத்தைப் போன்றவர் என்கின்றது. இரண்டும் நேர்க்குநேர் மோதுவனபோல் தோன்றுகின்றன.

ஆயின், யாரை நோக்கி, எந்தச் செயலைப் பற்றி இவை கூறப்பட்டன என்று பார்த்தால் மோதல் மறைந்துவிடுகின்றது. வள்ளுவரின் அதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியில் உள்ளது. தனக்குத் துணையாவாரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒருவனுக்குக் கூறும் எச்சரிக்கை அது. 'உன் மனம் உறுதியானது, எவரோடு சேர்ந்தாலும் கெடாது என்று எண்ணி ஏமாறாதே' என்பது அதன் உட்கருத்து. நாலடியாரின் 'நல்லினம் சேர்த'லும் அத்தகையதே. கடலோரக் கிணற்றுப் பாட்டு அவ்வாறன்று. அது பிறரை மதிப்பிடுபவனை நோக்கியது. 'இவன் இன்னாரோடு இருக்கின்றான், ஆகவே இவனும் இன்னான்' என்று தீர்ப்புக் கூறுபவனை அது தடுக்கின்றது.

ஆகவே, இரண்டையும் சேர்த்து நோக்கினால் கிடைக்கும் அறிவுரை இதுவாகும்: தன்னைக் காக்கும்போது இனத்தை நோக்குக, பிறரை மதிக்கும்போது மனத்தை நோக்குக. உலகில் பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். தம்மைப் பற்றி எண்ணும்போது, 'நான் யாரோடு சேர்ந்தாலும் கெடமாட்டேன்' என்று மனத்தை நம்புகின்றனர். பிறரைப் பற்றி எண்ணும்போது, 'அவன் கூட்டம் அப்படி' என்று இனத்தைப் பார்க்கின்றனர். மனித இயல்பின் இச்சிறு தந்திரத்தை அறிந்தவர்களாலேயே இவ்விரு வகைப் பாட்டுகளும் தேவைப்பட்டன எனலாம்.

பாதியில் நிறுத்தப்படும் பாட்டு

இனி எட்டி விதைப் பாட்டைப் பார்ப்போம். இப்பாட்டு பெரும்பாலும் அதன் முதற் கருத்தோடு நிறுத்தப்படுகின்றது. எட்டி தென்னையாகாது என்பதைச் சொல்லி, 'பார், பிறவிக்குணம் மாறாது' என்று முடித்துவிடுகின்றனர். பாட்டு அங்கே முடியவில்லை. தென்திசையாரிலும் சுவர்க்கம் புகுவோர் உண்டு. ஆதலால் மறுமை அவரவர் செய்கையால் வருவது. வடதிசையிலும் வீணாக வாழ்ந்து கழிப்பவர் மிகப் பலர் என்பது அதன் பிற்பகுதி. தெற்கு கூற்றுவனுக்கு உரிய திசை என்றும், வடக்கு புண்ணியத் திசை என்றும் எண்ணிய காலத்தில் கூறப்பட்டது இது.

பிற்பகுதியோடு சேர்த்துப் படித்தால் பாட்டின் முகமே மாறுகின்றது. புலவர் கவனம் விதையின்மேல் இல்லை, நிலத்தின்மேல் இருக்கின்றது. நல்ல நிலம் எட்டியைத் தென்னையாக்காது என்பதால், நிலத்தின் பெருமை பேசிப் பயனில்லை என்பதே அவர் கூற வந்தது. தாழ்ந்ததென்று கருதப்பட்ட திசையில் பிறந்தவனும் உயர்கதி அடைகின்றான். உயர்ந்ததென்று கருதப்பட்ட திசையில் பிறந்தவனும் வீணனாகின்றான். எதனால்? தன் செய்கையால். விதை என்பதற்குப் பிறப்பு என்று பொருள் கொண்டால், பாட்டின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒட்டாமல் நிற்கும். ஒருவனது ஒழுக்கமே அங்கே விதை என்று கொண்டால் இரண்டும் இயைந்து செல்லும். பிறந்த இடத்தைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தக்கூடாது என்று சொல்ல வந்த பாட்டையே, பிறந்த இடத்தைக் கொண்டு மனிதனைத் தாழ்த்துவதற்குப் பயன்படுத்துதல் எத்துணைக் கொடுமை!

அதே அதிகாரத்தில் சற்றுப் பின்னர் வரும் பாட்டு ஒன்று இதனை உறுதி செய்கின்றது. ஒருவனை நல்ல நிலையில் நிறுத்துவதும், அந்நிலையிலிருந்து கீழே தள்ளுவதும், மேலும் மேலும் உயர்த்துவதும், தலைமை பெறச் செய்வதும் அவனேயன்றிப் பிறர் அல்லர் என்பது அதன் கருத்து. 'இயல்பு மாறாது' என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் அதிகாரமே, 'தன்னை ஆக்குபவன் தானே' என்று பேசுவதைக் காண்க.

கோழியின் உவமை

கீழ்மை அதிகாரத்துக் கோழியை அவ்வாறு எளிதில் விடுவிக்க இயலாது. கீழ்மகன் திருந்தான் என்று அப்பாட்டு உறுதியாகவே கூறுகின்றது. எனினும் அங்கேயும் ஒரு சொற்பொருள் நுட்பம் உண்டு. அவனைத் திருத்துவதற்குச் செய்யப்பட்ட முயற்சி யாது? கனமான கருத்துடைய நூலை விரித்துக் காட்டியது. அவ்வளவே. பனியை நீக்கியது எது? நெறியறிந்தாரின் சார்பு. இரு பாட்டுகளையும் அருகருகே வைத்தால், நூலை விரித்துக் காட்டுதல் மட்டும் மனிதனை மாற்றுவதில்லை, நல்லார் ஒருவரோடு வாழ்தலே மாற்றுகின்றது என்னும் உண்மை வெளிப்படுகின்றது. கோழிப் பாட்டு கல்வியின் தோல்வியைக் கூறுவதன்று. வெறும் உபதேசத்தின் தோல்வியைக் கூறுவது.

இதனைக் கூறும்போதே, அவ்வுவமையின் குறையையும் மறைத்தல் ஆகாது. கோழி குப்பையைக் கிளறுதல் அதன் பிழைப்பு. அதில் குற்றம் யாதுமில்லை. விலங்குக்கும் பறவைக்கும் வேறு வழியில்லை என்பதைக் கொண்டு மனிதனுக்கும் வேறு வழியில்லை என்று நிறுவுதல் பொருந்தாது. உவமை அழகாயிருப்பதால் வாதமும் வலிதாயிருக்கும் என்று கருதுதல் இலக்கியம் படிப்போர் விழக்கூடிய ஒரு குழி. சீற்றத்தில் பிறந்த பாட்டாக இதனைக் கொள்ளலாம். சட்டமாகக் கொள்ளுதல் கூடாது. அதுவும் வளர்ந்து முதிர்ந்த கீழ்மகனைப் பற்றிக் கூறியதை வளரும் பிள்ளையின் தலையில் ஏற்றுதல் முற்றிலும் தகாது. பிள்ளைகளைப் பற்றி நூல் கூறிய உவமை பனியேயன்றிக் கோழி அன்று.

குலம் பற்றிய கருத்து

நாலடியாரில் இன்று ஏற்றற்கு அரிய பகுதிகளும் உள்ளன. 'குடிப்பிறப்பு' என்னும் 15-ஆம் அதிகாரம் நற்குடியிற் பிறந்தாரின் சிறப்பை விரித்துப் பேசுகின்றது. நல்லினம் சேர்தலிலும், நெல் நிலத்தின் நன்மையால் செழிப்பதுபோலச் சான்றோர் தத்தம் குலத்தின் நன்மையால் சிறப்பர் என்று ஒரு பாட்டு வருகின்றது. இவற்றை மூடி மறைத்தலோ, வலிந்து பொருள் கூறுதலோ வேண்டுவதில்லை. இவற்றுக்கு மறுப்பு வெளியிலிருந்து வரவேண்டிய தேவையும் இல்லை. அவையிலேயே ஒருவர் எழுந்து மறுத்திருக்கின்றார். 20-ஆம் அதிகாரமாகிய 'தாளாண்மை'யில், நல்ல குலம், தீய குலம் என்பன வெறும் சொற்களே; தவமும் கல்வியும் முயற்சியும் பொருளும் ஆகியவற்றாலேயே குலம் உண்டாகின்றது என்று ஒரு புலவர் அழுத்தமாகக் கூறியுள்ளார்.

மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் கடமையை முதலாளிமார்மேல் சுமத்தியது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல, ஒரே அறையும் ஓராசிரியரும் கொண்டவை. 'தோட்டத்துப் பிள்ளை இவ்வளவு படித்தாற் போதும்' என்று நிலத்தைப் பார்த்து விதையை மதித்தவர்கள் அக்காலத்தில் இருந்தனர். அப்பள்ளிகளில் எழுத்தறிந்தவர்களிலிருந்தே பின்னாளில் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சங்கத் தலைவர்களும் தோன்றினர். தென்திசையாரைப் பற்றி நாலடியார் கூறியதற்கு இந்நாட்டிலேயே கிடைத்த உரை அது.

நடுவழியில் நின்ற இளங்கன்று

தாளாண்மை அதிகாரத்திலேயே இவ்வாராய்ச்சிக்கு முடிவு தரும் பாட்டும் உள்ளது. வழியோரத்தில் காற்றுக்கு ஆடி நிற்கும் இளங்கன்று ஒன்று. போவோர் வருவோர் கையால் வளைக்கலாம், காலால் மிதிக்கலாம். அதுவே வைரம் பாய்ந்து முதிர்ந்தபின் யானையைக் கட்டும் தறியாகின்றது. ஒருவன் தளர்ச்சியின்றித் தன்னைத் தானே உருவாக்கிக் கொள்வானாயின் அவன் வாழ்வும் அத்தகையதே என்பது பாட்டின் கருத்து.

இவ்வொரு உவமையில் மூன்று உண்மைகளும் அடங்கியுள்ளன. கன்றுக்கு ஓர் இயல்பு உண்டு. அது எந்த மரம் என்பது விதையிலேயே உள்ளது. கன்றுக்கு ஒரு சூழலும் உண்டு. மிதிபட்டுவிட்டால் அது மரமாவதில்லை. ஆனால், வைரம் என்பது வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து பூசுவதன்று. ஆண்டுக்கு ஆண்டு உள்ளிருந்தே இறுகி வருவது. இயல்பு தொடக்கத்தைத் தருகின்றது. இனம் காவலைத் தருகின்றது. முயற்சியே உறுதியைத் தருகின்றது. இம்மூன்றுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறுப்பவர் நாலடியாரை முழுதும் படித்தவர் ஆகார்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

நாலடியாரைப் பாடமாக நடத்துவோர் பெரும்பாலும் பாட்டைத் தனித்தனியே எடுத்து, பொருள் கூறி, மனப்பாடம் செய்வித்து விட்டுவிடுகின்றனர். தேர்வுக்கு அது போதும். வாழ்வுக்குப் போதாது. எட்டிப் பாட்டை நடத்தும் ஆசிரியர் அதன் பிற்பகுதியையும் நடத்துவாராக. வேப்பிலைப் பாட்டையும் பனிப் பாட்டையும் ஒரே நாளில் எழுதிப் போட்டு, 'இவற்றுள் எது சரி?' என்று பிள்ளைகளையே வாதிடச் செய்வாராக. அவ்வாறு செய்தால், நூலின் உண்மையான வடிவமாகிய அவை வகுப்பறையில் மீண்டும் கூடும்.

அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. பிள்ளை ஒருவன் தன் நண்பர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தை நோக்கும்படி ஆசிரியர் அவனுக்கு அறிவுறுத்தலாம். ஆனால், அப்பிள்ளையைத் தாம் மதிப்பிடும்போது அவன் வீட்டையும் தெருவையும் தோழர்களையும் நோக்காமல் அவன் மனத்தையே நோக்குதல் வேண்டும். முதலாவதை மறவாமற் செய்யும் பலர், இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்பவரிடம் பயிலும் பிள்ளைக்கு வைரம் பாய்வதற்கு வேண்டிய காலமும் காவலும் கிடைக்கும். மற்றதை அப்பிள்ளையே பார்த்துக்கொள்வான்.